தலைப்பிரசவம்

நாற்காலி வேண்டாம் சாறே. அண்டி ஆபீஸில், முந்திரி உடைக்கிற கம்பெனியில், இருபத்தாறு வருசம் தரையில் இருந்து அண்டி தல்லினவள் நான். நாற்காலியில் இருந்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. இப்படிச் சுவரோரமாகவே இருந்துகொள்கிறேன். பேனாவை இப்போது எடுக்க வேண்டாம். முழுக்கக் கேளுங்கள். எதை எழுத வேண்டும் என்று கடைசியில் நானே சொல்கிறேன்.

பெயர் ராஜமணி. வயது நாற்பத்தெட்டு. புருஷன் யோவான் பனையில் இருந்து விழுந்து செத்துப் பதினாலு வருசம் ஆகிறது. பிள்ளைகள் ரெண்டு. மூத்தவள் ஜிஷா. போன வருசம், இரண்டாயிரத்துப் பதினொன்று ஆவணியில், பிரசவத்தில் போய்விட்டாள். அவளுடைய கேஸ் கட்டுதான் உங்கள் மேசையில் இருப்பது. இளையவள் பெபிஷா.

உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்த சாறிடம் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். ஜிஷாவுக்கு ஏற்கெனவே கர்ப்பப்பையில் கட்டி எடுத்த ஆபரேஷன் உண்டு, அதை நர்ஸ் ஞானசெல்வியிடம் சொன்னேன், அவள் காதில் வாங்காமல் நோவு கூட்டுகிற மருந்தை ஏற்றினாள், கர்ப்பப்பை வெடித்துத் தாயும் பிள்ளையும் போனார்கள். அப்படித்தான் எழுதியிருக்கும். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்குத்தான் பஸ் ஏறி வந்தேன்.

அண்டி தல்லுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தோட்டை உடைக்க வேண்டும், உள்ளே இருக்கிற பருப்பில் ஒரு கீறல் விழக்கூடாது. முழுப் பருப்பு ஒரு பக்கம் போகும். கீறல் விழுந்ததை மேஸ்திரி எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவாள். தின்றால் ருசி ஒன்றுதான். ஆனாலும் அது திரும்ப முழுப் பருப்போடு சேராது. இருபத்தாறு வருசம் காலையில் இருந்து சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒருத்திக்கு புத்தி எப்படி வேலை செய்யும் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஜிஷா பத்தாவது முடித்ததும் அண்டி ஆபீஸுக்கு வர மாட்டேன் என்றாள். தோட்டெண்ணெய் பட்டு வெந்து கறுத்த என் விரலைத் தொட்டுப் பார்த்து, “எனக்கு உனக்க கை வேண்டாம்மா” என்றாள். ஊர்ப் பிள்ளைகள் நாலுபேரோடு குஜராத்தில் செம்மீன் உரிக்கிற கம்பெனிக்குப் போனாள். ஒன்றரை வருசம் கழித்து அவள் வந்து இறங்கும்போது கை ஐஸில் ஊறி வெளுத்துக் கிடந்தது. வயிறு ஐந்து மாதம். யார் என்று கேட்டேன். சுவரைப் பார்த்தாள். ரெண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டு அறிந்து குஜராத்துக்கு வழி விசாரித்துப் போகவா.

அது இரண்டாயிரத்து ஏழு. வயிற்றில் கட்டி, திருவனந்தபுரத்தில் காட்ட வேண்டும் என்று ஊரில் சொன்னேன். சபையில் ஜெபக்குறிப்பு ஆளை வைத்து எழுதிக் கொடுத்தேன். “சகோதரி ஜிஷாவின் வயிற்றுக் கட்டி குணமாக” என்று மூன்று ஞாயிறு எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். பெபிஷாவை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒற்றை அறை எடுத்து மூன்று மாதம் இருந்தோம். ஜிஷா அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனேன்.

எட்டாம் மாதம் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. கீறித்தான் எடுத்தார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி. என்னை உட்கார வைத்து, ஒரு கடலாசில் வயிறு மாதிரி வட்டம் போட்டு, அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். வெளியே தோலில் மட்டும் இல்லை, உள்ளே பையிலும் இப்படித்தான் கீறியிருக்கிறது என்றாள். சாதாரணமாகப் பையின் அடியில் குறுக்கே கீறுவார்களாம். இது வேறு. “இனியொரு பிரசவத்தினு வேதன வரான் பாடில்லா, கேட்டோ. நோவு வருவதற்கு முன்பே நாள் குறித்து ஆபரேஷன் செய்துவிட வேண்டும். எங்கே போனாலும் முதலில் இந்தக் கடலாசைக் காட்டு” என்றாள். சிவப்பு மையில் ரெண்டு கோடு அடித்துக் கொடுத்தாள்.

எனக்கு மலையாளம் புரியும் சாறே. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளை பெண். வேண்டாத பிள்ளையை வைத்துவிட்டுப் போக அந்த ஊரில் ஒரு தொட்டில் உண்டு. பாரம் விழுந்ததும் உள்ளே மணி அடிக்கும், ஆள் வந்து எடுப்பார்கள். கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

“மணி அடிச்சுதாம்மா?” என்று ஜிஷா கேட்டாள்.

“அடிச்சுது.”

“அழுதாளா?”

“உறங்கிட்டாக்கும் கிடந்தா.”

மணி அடிக்கும் வரை நான் நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த அன்றே கடலாசை அடுப்பில் வைத்தேன். நாங்கள் எரிப்பது அண்டித்தோடு. எண்ணெய் உள்ளது, திகுதிகு என்று பிடிக்கும். சிவப்பு மை எரியும்போது வேறு நிறமாகத் தெரியும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் ரெனிஷ் வீட்டில் இருந்து பெண் கேட்டு வந்தார்கள். ரெனிஷ் கத்தாரில் ஏசி மெக்கானிக். அவனுடைய அம்மா தங்கபாய் ஜிஷாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சம்மந்தி, நீங்க பிள்ளைக்குச் சோறு குடுத்து வளத்தியளா, ஆபீஸ்ல இருந்து பருப்பு மடியில கட்டிக் கொண்டாந்து குடுத்து வளத்தியளா? இந்த நிறம் நிக்குதே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கட்டி ஆபரேஷன் விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. “ஜெபத்துல போன கட்டியாக்கும்” என்றாள். சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு போதகர் கொஞ்ச நேரம் நிறுத்துவார். மூன்று ஞாயிறும் அந்தக் கொஞ்ச நேரம் நான் பாயில் இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதத்தில் ரெனிஷ் கத்தாருக்குத் திரும்பினான். பிறகு லீவில் வந்து போனான், அவளுக்கு நாள் தள்ளிப்போனது. எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து மகளை விளித்துக்கொண்டு வந்தேன். தங்கபாய் வாசல் வரை வந்து, “தலைப்பிரசவம் உங்க பாடு. அடுத்தது எங்க பாடு. முழுசா கொண்டாந்து விடணும்” என்றாள். அதனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், யாரிடம் என்ன சொல்வது எல்லாமே என் கையில் இருந்தது. வேறு முறை உள்ள ஊராக இருந்தால் அவள் புருஷன் வீட்டில் கிடந்திருப்பாள். ரெனிஷ் போனில் கேட்டு, அவள் சொல்லி, என்னவாவது ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்த கிராம நர்ஸ் கேட்டாள், “முதல் பேறா?” தலைப்பிரசவம் என்றேன். அட்டையில் அப்படி எழுதினாள். பிறகு எல்லா இடத்திலும் அந்த அட்டையைப் பார்த்தே எழுதினார்கள். ஒரு தடவை சொன்னது போதும்.

ஒன்பதாம் மாதம் ஜிஷாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

“நோவு வரக்கூடாதுன்னு அந்த டாக்டர் சொன்னாவல்லா அம்மா.”

“அது பயங்காட்டினது. நாலு வருசம் ஆச்சு. காயம் உணங்காமலா கெடக்கு?”

“வெளிய உணங்கிட்டு.”

“வெளிய உணங்கினா உள்ளயும் உணங்கும். போய்க் கெட.”

“அவியகிட்ட போன்ல சொல்லட்டா? ரெனிஷ் நல்லவராக்கும். கோவப்படுவாரு. பொறவு சொல்லுவாரு, முதல்ல உயிரைப் பாருன்னு.”

“ஏட்டி, ஆம்பிளைக்கு நீ பொண்டாட்டியாகி ஒரு வருசம். நான் பதிமூணு வருசம் தாலியில்லாம கெடந்தவ. எனக்குத் தெரியும்.”

அன்று அவளுடைய போனை வாங்கி என் மடியில் வைத்தேன். ரெனிஷ் கூப்பிட்டால் நான் எடுப்பேன், ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பேன், பக்கத்தில் இருப்பேன். இதை எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். அவள் வாழ்க்கை நிற்க வேண்டும் என்று.

நோவு கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலம். டவுணில் புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெரிய ஆஸ்பத்திரியில் பழைய கடலாசு எங்கே, தையல் எங்கே போட்டது என்று துருவுவார்கள். தங்கபாய் ஃபிளாஸ்க்கும் துணிப்பொதியுமாக ஏழு மணிக்கே வந்துவிட்டாள். ஞானசெல்விதான் டியூட்டி. முப்பது வயது இருக்கும், பேச்சு கொஞ்சம் கறாராக இருக்கும், வேலையில் நல்லவள்.

வயிற்றைத் திறந்து பார்த்ததும் நின்றாள். “இந்தத் தழும்பு என்னதுக்கா?”

“கட்டி.”

“எங்க? கர்ப்பப்பையிலயா, குடல்லயா?”

“குடல்ல.”

“ரிப்போர்ட் இருக்கா?”

“கறையான் அரிச்சுட்டு சிஸ்டர்.”

சம்மந்தி பக்கத்தில் நிற்கிறாள் சாறே. அவள் காதுக்கு முன்னால் நான் என்ன சொல்ல முடியும்.

நோவு மந்தமாகவே வந்தது. பத்தரை மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குளுக்கோஸில் மருந்து போட்டு ஏற்றச் சொன்னார். ஞானசெல்வி திரும்ப ஒரு தடவை கேட்டாள். முன்னே பிரசவமோ கர்ப்பப்பையில் ஆபரேஷனோ இருந்தால் இந்த மருந்து ஏற்றக்கூடாது, அதனால் கேட்கிறேன் என்றாள். இல்லை என்றேன். அதையே கேஸ் ஷீட்டில் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டி, கீழே கைநாட்டு வாங்கினாள். மருந்து சொட்ட ஆரம்பித்தது.

பன்னிரண்டு மணிக்கு மேல் நோவு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வந்தது. ஒன்றே கால் இருக்கும். ஜிஷா ஒரு சத்தம் போட்டாள். நான் ரெண்டு பெற்றவள், பிரசவச் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. “உள்ள என்னமோ கிழிஞ்சு போச்சும்மா” என்றாள். அதோடு நோவு நின்றுவிட்டது. முகம் தெளிந்தது. “இப்ப நோவு இல்ல. தோளுதான் கடுக்கு” என்றாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். நர்ஸை விளிக்கவில்லை. நோவு விட்டுக் கிடக்கிற பிள்ளை கொஞ்சம் கிடக்கட்டும் என்று தோளைத் தடவிக்கொடுத்தேன். கால் மணி நேரம் தடவியிருப்பேன். வயிற்றுக்குள் ரத்தம் கட்டினால் தோள் கடுக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் பிற்பாடு தெரியும்.

மருந்து பார்க்க வந்த ஞானசெல்வி வயிற்றில் கை வைத்தாள். கையை எடுக்காமலே மற்றக் கையால் மருந்தை நிறுத்தினாள். பிறகு ஓடினாள். அந்தப் பெண் ஓடின ஓட்டத்தை நான் பார்த்தேன். பிள்ளை பையை விட்டு வெளியே வந்து வயிற்றுக்குள் கிடந்ததாம். ஆண். எடுக்கும்போதே உயிர் இல்லை. ரத்தம் கொண்டுவர ஆள் போனது. ஜிஷா மூணு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது போனாள்.

டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். தங்கபாய் இருந்தாள், அவளுடைய அண்ணன் பிள்ளைகள் நாலுபேர் இருந்தார்கள். “கர்ப்பப்பையில ஏற்கெனவே கத்தி பட்டிருக்கு. பழைய தையல் வழியாத்தான் வெடிச்சிருக்கு. ஏன் மறைச்சிய?” என்று என்னைக் கேட்டார்.

“மறைக்கல டாக்டர்,” என்றேன். “கர்ப்பப்பையில கட்டின்னு சிஸ்டருகிட்ட சொன்னேனே.”

அந்தச் சொல் எங்கே இருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் வந்ததும் எல்லாம் பொருந்திப் போயிற்று. தழும்பு பொருந்தியது. தையல் பொருந்தியது. ஊர் ஜெபித்த கட்டியும் பொருந்தியது. காலையில் நான் குடல் என்று சொன்னதைக் கேட்ட தங்கபாய்க்கு, அந்த அழுகையில் அது நினைவில் வரவில்லை. ஞானசெல்வி என்னையே பார்த்தாள். பையன்மார் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தார்கள். போலீஸ் வந்தது. ஞானசெல்வி கேஸ் ஷீட்டை எடுத்துக் காட்டினாள். அதில் என் கைநாட்டு இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை மட்டும்தான். அண்டி தல்லுகிறவளுக்கு ரேகை இருக்காது சாறே, தோட்டெண்ணெய் தின்றுவிடும். அது என் கைநாட்டு இல்லை, அவள் பிற்பாடு எழுதிச் சேர்த்தது என்றேன். இல்லை என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

ஞானசெல்விக்கு வேலை போயிற்று. பதினோரு நாள் ஜெயிலில் இருந்தாள். பிறகு வேறு எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை என்று கேள்வி.

போன வாரம் அவள் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். சண்டை போட வரவில்லை. மெலிந்து போயிருந்தாள். “அக்கா, கேஸுக்காக வரல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நான் கேட்டனா, கேக்கலியா? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாயிட்டு. கேக்காமலே எழுதிட்டேனோன்னு தோணுது. ஒரு ஊசியை எடுத்தாலே திரும்ப வச்சிருதேன்” என்றாள்.

“நீ கேக்கல மக்கா” என்றேன்.

தலையை ஆட்டினாள். வந்த வழியே போனாள்.

பெபிஷா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். திருவனந்தபுரத்து விஷயம் எல்லாம் அக்காள் எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறாள். “நீ போய்ச் சொல்லு. இல்லேன்னா நான் போவேன்” என்றாள். நாலு நாள் சோறு தின்னவில்லை. அதனால் நானே முந்தி வந்தேன்.

என்ன கேட்டீர்கள்? ரெண்டாவது தடவை நர்ஸ் கேட்கும்போது சம்மந்தி எங்கே நின்றாள் என்றா?

கேட்க வேண்டிய கேள்விதான். தங்கபாய் அப்போது அங்கே இல்லை. டீ வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். அறையில் நான், ஜிஷா, ஞானசெல்வி. மூன்று பெண்கள் மட்டும். கதவும் சாத்தியிருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரோடு போயிருக்கும். நர்ஸ் ஊருக்குச் சொல்லுகிற ஆளும் இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நர்ஸ் கேட்டதும் ஜிஷா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, சொல்லிரும்மா. எனக்கு முன்னே ஒரு” என்று ஆரம்பித்தாள். நான் இந்தக் கையால் அவள் வாயைப் பொத்தினேன். பலமாக இல்லை. சத்தம் வெளியே வராத அளவுக்கு. அவளுடைய மூச்சு என் உள்ளங்கையில் பட்டது. அண்டித்தோட்டின் மணம் என் கையில் எப்போதும் உண்டு, அவளுக்குக் குமட்டியிருக்கும். ஞானசெல்வி, “என்னக்கா சொல்லுதாவ?” என்றாள். “வேதனையில பிச்சும் பேயும் பேசுதா சிஸ்டர், நீங்க மருந்தைப் போடுங்க” என்றேன். ஜிஷா என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இவ்வளவுதான். இப்போது பேனாவை எடுங்கள்.

நர்ஸ் ஞானசெல்வி ரெண்டு தடவை கேட்டாள், நான் ரெண்டு தடவையும் கர்ப்பப்பையில் ஒன்றும் இல்லை என்று பொய் சொன்னேன் என்று எழுதுங்கள். கேஸ் ஷீட்டில் இருப்பது என் கைநாட்டுதான் என்று எழுதுங்கள். அந்தப் பெண் பிழைத்துப் போகட்டும். ஆனால் குஜராத்தையும் தொட்டிலையும் எழுத வேண்டாம். அந்த இடத்தில் கட்டி என்றே இருக்கட்டும். எத்தனையாவது பிரசவம் என்று ஒரு வரி வருமே, அதில் தலைப்பிரசவம் என்று போடுங்கள். வருகிற ஞாயிறு பெபிஷாவுக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள். மார்த்தாண்டத்துப் பையன், நல்ல குடும்பம். அவளுக்குக் கல்யாணமே வேண்டாமாம். அந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள். இதையும் அவளுக்காகத்தான் செய்கிறேன்.

எங்கே வைக்க வேண்டும், இங்கேயா? ரேகை விழாது, பரவாயில்லையா.

இன்னொன்று சாறே. வெளியே பெஞ்சில் மஞ்சள் சுடிதார் போட்டு ஒரு பிள்ளை இருக்கிறாளே, அவள்தான் பெபிஷா. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிட்டாள். அவளை உள்ளே விளிக்க வேண்டாம். அக்காள் போன துக்கத்தில் பிச்சும் பேயும் பேசுவாள்.